அட்டையின் இடது மூலை

இப்போது சுடப் பழக்குகிற உங்களில் ஒருவர் போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மிஸ், புதுசா வாற ஆக்கள் பிஸ்டலக் கையில எடுத்ததும் விறைச்சுப் போய் நிக்கிறாங்க. என்ன செய்யிற?" என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கேள்வி பிடிக்காமல் அல்ல. தொலைபேசியில் துவக்கு, சன்னம், குறி என்றெல்லாம் பேசுவதில்லை என்பது என் பழைய பழக்கம். பேசுவது விளையாட்டைப் பற்றி என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இடையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரியுமா? சிரிக்க வேண்டாம். நான் பயிற்றுவிப்பதிலிருந்து மட்டும்தான் ஓய்வு பெற்றேன், சந்தேகப்படுவதிலிருந்து அல்ல.

அதனால் எழுதித் தருகிறேன். எல்லோரும் வாசியுங்கள். வாசிக்கக் கூடாத ஆட்கள் வாசித்தாலும் பரவாயில்லை, இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

சன்னம் ஏற்றுவது, கால் வைப்பது, மூச்சு விடுவது எல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். புதிதாக ஒருவர் வந்து முன்னால் நிற்கும்போது நம் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஒரு மலைநாட்டுக்காரர். நான் அப்போது பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. பயிற்சிக்கென்று கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் மேசையில் ஒரு எயார் பிஸ்டல் கிடந்தது. காற்றழுத்தத்தில் சுடுகிற, போட்டிக்கு மட்டும் பயன்படுகிற பிஸ்டல்தான். "இது வெறுமையா?" என்று கேட்டார். நாங்கள் அங்கே நின்ற அத்தனை பேரும் வெறுமை என்றோம். ஒருவர் தானே திறந்து பார்த்ததாகவும் சொன்னார். அவர் அதை எடுத்து மணல் மூட்டைக்கு நேரே பிடித்து விசையை அழுத்தினார். டப் என்று ஈயச் சன்னம் ஒன்று மூட்டைக்குள் போனது. அவர் ஏசவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நம்பிக்கையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப் போனது. பிறவியிலேயே சந்தேகக்காரியாக இருந்த எனக்கு, அதுவே ஒரு தகுதி என்று யாரும் அதுவரை சொல்லவில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "இதற்கு முன் துவக்குப் பிடித்திருக்கிறீர்களா?" அரைகுறையாகப் பழகியவரின் கையை நேராக்குவது ஒன்றும் தெரியாதவரின் கையைப் பழக்குவதைவிடக் கடினம், அதற்காகத்தான் கேட்பார். கொழும்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். மாமாவின் துவக்கால் காகம் சுட்டேன், கண்காட்சியில் பலூன் சுட்டேன் என்று கதை கதையாக வரும். அந்தக் கேள்வியை நான் அப்படியே மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தேன்.

இங்கே எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "இல்ல மிஸ்." கேள்வி முடியும் முன்பே வரும். பலூன் கதை ஒன்றுகூட வரவில்லை. நல்லது, எல்லோரும் புதியவர்கள், வேலை சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் பழகியது வாவிக் கரையில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தில். தகரக் கூரை, நீள மண்டபம், ஒரு முனையில் மரப்பலகை அடித்து அதில் இலக்கு அட்டைகளைக் கொழுவுவோம். தொடங்கிய முதல் நாளே பக்கத்து வீட்டு அம்மா சத்தத்தைக் கேட்டுப் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். வந்த பொலிஸ்காரர் அனுமதிப் பத்திரத்தைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தானும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அட்டையில் படவே இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு அவரால் தொந்தரவு இருக்கவில்லை.

எனக்கு உதவியாக இருந்தவர் காத்தான்குடிப் பசீர். முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர், கட்டாரில் சில காலம் ஒரு விளையாட்டு மைதானத்தில் வேலை செய்து அங்கேயே சுடப் பழகியவர். நல்ல கை, ஓயாத வாய். நான் பிஸ்டல் அலுமாரிப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தால், "மூணாவது தரமும் இழுங்க மிஸ், பூட்டுக்கு மனசு ஆறும்" என்பார். புதிதாக வருகிறவர்களைச் சிரிக்கவைப்பது அவர் வேலை, அவர்களைக் கண்காணிப்பது என் வேலை என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது.

சுகந்தினி ஒரு சனிக்கிழமை வந்தாள். முப்பது கடந்தவள், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடு. விவசாய அலுவலகம் ஒன்றில் களத்தில் போய் நெல் நோய் பார்க்கிற உத்தியோகம், ஆனால் நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. அலுவலகப் பெண்கள் அணிக்கு ஆள் குறைகிறது என்று மேலதிகாரி அனுப்பியிருந்தார். நான் வழமைபோல் கேட்டேன். அவளும் வழமைபோல் "இல்ல மிஸ்" என்றாள். அப்போது அடுத்த தடத்தில் ஒருவர் பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்கள் பக்கம் திரும்பப் போனார். நான் அங்கே ஓடிவிட்டேன். சுகந்தினியின் முதல் சன்னங்களை நான் பார்க்கவில்லை, பசீர்தான் பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில்தான் எனக்குச் சந்தேகம் அரிக்கத் தொடங்கியது. புதியவர்களின் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரிசி சிந்தினதுபோல் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, பலகையில் இரண்டு. சுகந்தினியின் அட்டையில் நடுவிலிருந்த கறுப்பு வட்டம் ஒரு ஓட்டையும் இல்லாமல் இருந்தது. அவளுடைய சன்னங்கள் எல்லாம் கீழே இடது மூலையில் கூடிக் கிடந்தன. ஒரு முட்டையை வைத்தால் அத்தனை ஓட்டையும் மறைந்துவிடும். அதைப் பார்த்து அவள், "எனக்கு இது சரிவராது போல மிஸ்" என்றாள். அவள் முகத்தில் கவலை இல்லை. சரிவராதவர்கள் அப்படிச் சொல்லும்போது கவலைப்படுவார்கள்.

முதலில் பிஸ்டலைச் சந்தேகித்தேன். குறிபார்க்கும் சைட் விலகியிருந்தால் சன்னங்கள் இப்படி ஒரே பக்கம் போகும். நானே சுட்டுப் பார்த்தேன், நடுவில் விழுந்தது. அடுத்ததாகப் பசீரைச் சந்தேகித்தேன். பகிடிக்காக அவர் பயிற்சிக்கு முன் சைட்டைத் திருகிவிட்டு, பிறகு சரிசெய்து வைக்கிறாரோ? கேட்டும்விட்டேன்.

"மிஸ், நீங்க உங்கட நிழலையும் கூப்பிட்டு விசாரிக்கிற ஆள்" என்றார் பசீர். "நான் ஒண்டையும் தொடல்ல. வேணுமெண்டா பிஸ்டல மாத்திக் குடுத்துப் பாருங்க."

மாற்றிக் கொடுத்தேன். தடத்தையும் மாற்றினேன். சன்னங்கள் சொல்லிவைத்தமாதிரி அதே இடது மூலைக்குப் போயின. நடுவைத் தவறவிடுகிற கை அல்ல இது. மூலையைக் குறிபார்த்து அடிக்கிற கை. புதிதாக வந்த ஒருத்தி, சுடத் தெரியாது என்று காட்டுவதற்காக இவ்வளவு நன்றாகச் சுடுவது ஏன்?

போதாததற்கு வெளியே ஒரு ஆள். மண்டபத்துக்கு எதிரே பூவரச மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமல், சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்திருப்பார். உள்ளே வருவதும் இல்லை, போவதும் இல்லை. இந்த ஊரில் அப்படி உட்கார்ந்திருக்கிற ஆட்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். போர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும், நாலு பேர் கூடும் இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் வந்து "சும்மா பாக்க வந்தன்" என்று சொல்வது நின்றுபோகவில்லை. பிஸ்டல் இருக்கிற இடத்துக்கு ஆள் வராமலா இருக்கும்? அவர் சுகந்தினியைப் பார்ப்பதற்காகத்தான் வருகிறார் என்பதையும் கவனித்தேன். அவள் வந்த பிறகுதான் அவர் கண்ணில் படுவார், அவள் போனதும் காணாமல் போவார்.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். இவளைச் சிறுவயதில் இயக்கம் பிடித்துக்கொண்டு போய்த் துவக்குப் பழக்கியிருக்க வேண்டும். அதை மறைக்கிறாள். அந்த ஆளுக்கு அது தெரியும். எங்கள் மண்டபத்தை மூடிப் பூட்ட இந்த ஒன்று போதும்.

அன்றைக்கு அவள் சுட்டு முடித்துப் பிஸ்டலை மேசையில் வைத்தாள். குழல் இலக்கைப் பார்த்து, அறை திறந்து, விரல் விசைக்கு வெளியே. பழகின ஆள் வைக்கிற மாதிரியே வைத்தாள். அப்படி வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. கிட்டப் போய் மெதுவாகக் கேட்டேன்.

"சுகந்தினி, உண்மையச் சொல்லுங்க. முந்தி துவக்குப் பிடிச்சிருக்கிறீங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இல்ல மிஸ்" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பூவரச மரத்தடியும் வெறுமையாக இருந்தது.

அந்த ஆள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றே முடிவு செய்தேன். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கவும் பயம். கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். பசீரிடம் சொன்னேன். அவர் வழமையான பகிடி எதுவும் விடாமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, போர்க்காலத்தில் இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரைக்குப் போனோம். விதைப்புக் காலம், இரண்டு பக்கமும் வயல் வட்டைகளில் ஆட்கள் நின்றார்கள். விசாரித்து விசாரித்துப் போனால் வழியெல்லாம் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். தொப்பி போட்ட ஒருவரும் தலை நரைத்த ஒரு பொம்பிளையும் அரசாங்கத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் வீட்டைத் தேடி வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? ஒருவர் வேண்டுமென்றே பிழையான ஒழுங்கையைக் காட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டோம். காலில் சேறு காயாமல் ஒருவர் வெளியே வந்தார். தலைக்கவசம் இல்லாவிட்டாலும் அந்தத் தோளையும் நிற்கிற விதத்தையும் எனக்குத் தெரியாதா? பூவரச மரத்தடி ஆள். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவரும் என்னைக் கண்டு ஒரு அடி பின்னால் வைத்தார்.

"ஆரு அனுப்பின உங்கள?" என்றார் அவர்.

"உங்கள ஆரு அனுப்பின?" என்றேன் நான்.

உள்ளே இருந்து சுகந்தினி ஓடி வந்தாள். "மிஸ், இவர் என்ட வீட்டுக்காரர்" என்றாள். அவர் பெயர் யோகன், சொந்த வட்டையில் வெள்ளாமை செய்கிறவர். பசீர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தார்.

கதிரை போட்டார்கள், தேத்தண்ணி வந்தது. யோகன் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "குறை நினைக்காதீங்க. நான் உங்களத்தான் பாத்துக்கொண்டு இருந்த நான்" என்றார். "எல்லாரையும் உத்து உத்துப் பாக்கிறீங்க. எல்லாரிட்டயும் ஒரே கேள்வி. துவக்குப் பிடிச்சிருக்கிறயா, துவக்குப் பிடிச்சிருக்கிறயா எண்டு. விளையாட்டுப் பழக்கிற மிஸ்ஸுக்கு அது என்னத்துக்கு? எங்கயோ சொல்லுறதுக்குத்தான் கேக்கிறீங்க எண்டு நினைச்சன்."

கொழும்பில் பலூன் கதை வரவழைத்த கேள்வி இங்கே என்ன கேள்வி என்று அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. சோதனைச் சாவடியில், சுற்றிவளைப்பில், சாக்குத் துணியால் முகம் மூடி ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னால், இந்த ஊர்ச் சனம் பதில் சொல்லிப் பழகிய அதே கேள்வி. நானும் அந்த வரிசைகளில் நின்றவள்தான். நான் கேட்கும்போது அது வேறு கேள்வி என்று நினைத்திருந்தேன். கேள்வி கேட்கிறவருக்குத்தான் அது வேறு.

"அப்ப ஏன் மூலையில சுடுறீங்க?" என்று சுகந்தினியிடம் கேட்டேன்.

அவள் பசீரைப் பார்த்தாள். "முதல் நாள் எனக்கு நடுவிலதான் பட்டது மிஸ். எப்பிடிப் பட்டதெண்டு எனக்கே தெரியா. இவர் உடனே, 'அட, எங்க பழகின நீங்க?' எண்டு கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கெண்டது."

பசீரின் கோப்பை பாதி வழியில் நின்றது. "அல்லாவே. நான் புகழ்ந்தெல்லோ சொன்னன், தங்கச்சி" என்றார். அவர் குரல் அப்படிக் கம்மிப்போய் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தெரியும் பசீர் காக்கா. ஆனா கேட்டிட்டீங்க" என்றாள். "என்ட அண்ணன இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போனவங்க. அவன் திரும்பி வரல்ல. அதுக்குப் பிறகு ஆமிக்காரர் எங்கட வீட்டுக்கு வந்து வந்து, நீயும் போனயா, நீயும் பழகினயா எண்டு என்னக் கேட்டாங்க. நான் போகவே இல்ல. இப்ப நிரந்தர நியமனத்துக்கு என்னப் பத்தி விசாரிச்சு அறிக்கை குடுக்கிற நேரம். படுவான்கரைப் பொண்ணு, அண்ணன் காணாமப் போனவன், பிஸ்டல் எடுத்த முதல் நாளே நடுவில அடிக்கிறாள் எண்டு கதை போனா? மேலதிகாரி போகச் சொன்னத மறுக்கவும் ஏலாது. வந்து, சரிவராத ஆள் எண்டு பேர் எடுத்துக்கொண்டு போவம் எண்டு நினைச்சன்."

"எங்கயாவது பழகினவ எண்டா, இன்ன இடத்தில எண்டு சொல்லலாம்" என்றார் யோகன். "எங்கயும் பழகல்ல எண்டத எதக் காட்டி நிரூபிக்கிற?"

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகத்தில் எங்கே போனாலும் புதியவர்கள் தோற்றுவிடுவோமோ என்று பயந்துதான் விறைத்து நிற்பார்கள். இங்கே நன்றாகச் சுட்டுவிடுவோமோ என்று பயந்து விறைத்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். முதல் வகைக்கு வைத்திருக்கிற மருந்து இரண்டாவது வகைக்கு விஷம். நன்றாக வருகிறது, நன்றாக வருகிறது என்று தட்டிக்கொடுக்கக் கொடுக்க அவர்கள் கை இன்னும் இறுகும்.

நான் அவளைத் திரும்ப வாருங்கள் என்று கெஞ்சவில்லை. ஒன்றுமே நடக்காது என்று சத்தியமும் செய்யவில்லை, எனக்கே அந்த நம்பிக்கை இல்லை. "வந்தா, ஆராவது கேட்டா, முதல்ல என்னட்டத்தான் கேக்க வேணும். நான் பக்கத்தில நிப்பன்" என்று மட்டும் சொன்னேன். சுட விருப்பமா என்று கேட்டபோது அவள் கையைப் பார்த்தாள். "நடுவில பட்ட அண்டைக்கு இரவு சந்தோசத்தில நித்திரை வரல்ல மிஸ். அந்தச் சந்தோசத்துக்கும் பயந்துதான் போனன்" என்றாள். தேத்தண்ணி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.

அவள் வந்தாள். யோகனும் வந்தார், ஆனால் பூவரச மரத்தடியோடு சரி. கறுப்பு வட்டம் இல்லாத வெள்ளை அட்டையைக் கொழுவி அவளைச் சுடவைத்தேன். அதில் நடுவும் இல்லை, மூலையும் இல்லை. எங்கே பட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பசீர் அவள் தடத்துப் பக்கம் போகும்போது வாயை இறுக மூடிக்கொண்டு போவார். அதைப் பார்த்தே அவள் சிரிப்பாள். மெல்ல மெல்ல அவள் தோள் இறங்கியது.

பிறகு தெரிவுப் போட்டி வந்தது. பார்வையிட வெளி மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். படையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார், சுடுவதைப் பற்றி எங்கள் எல்லோரையும்விடத் தெரிந்தவர். இது எனக்கு அன்று காலைதான் தெரியும். சுகந்தினியிடம் போய், விருப்பமில்லாவிட்டால் இன்று சுட வேண்டாம், காய்ச்சல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் அதிகாரியைப் பார்த்தாள், பிஸ்டலைப் பார்த்தாள். "எனக்குக் காய்ச்சல் இல்ல மிஸ்" என்றாள்.

அவள் நடுவில் சுட்டாள். முதல் சன்னம் கறுப்பின் விளிம்பில் பட்டது. அடுத்தடுத்தவை உள்ளே போகப் போக மண்டபம் அடங்கிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அதிகாரி கதிரையை விட்டு எழுந்து மேசைக்கு வந்தார். அங்கே நாங்கள் பழைய பயிற்சி அட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். புதிய பிள்ளைகளுக்குப் பின்பக்கத்தைக் கொடுத்துச் சுடவைக்க அவற்றைச் சேர்த்து வைப்போம், இன்றைக்கு நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். அவர் சும்மா புரட்டினார். ஒரு அட்டையில் கை நின்றது. இடது மூலையில் முட்டையளவு ஓட்டைக் கூட்டம், கீழே அவள் பெயர்.

தொழில் தெரிந்தவருக்கு அந்த அட்டையை விளக்கத் தேவையில்லை. அவர் அதையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மிஸ், இவர் முன்னர் எங்கே பயிற்சி பெற்றவர்?" என்று என்னிடம் கேட்டார். குரல் உயரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"இஞ்சதான். எங்களிட்ட" என்றேன்.

"இது புதியவரின் தவறு அல்லவே" என்று மூலையைத் தொட்டுக் காட்டினார்.

அந்த நேரத்தில் என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. சைட் விலகியிருந்தது, பிறகு சரிசெய்தோம். ஒரே வசனம், எல்லாம் முடிந்துவிடும். அவள் தப்புவாள், மண்டபம் தப்பும். பிஸ்டலில் பழி போடுகிற பயிற்றுநரை நான் வாழ்நாளெல்லாம் கேவலமாகப் பேசியிருக்கிறேன். அன்று அந்தப் பொய்யை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன்.

"நான் வேணுமெண்டுதான் அங்க சுட்டன், சேர்" என்றாள் சுகந்தினி.

அவள் பிஸ்டலை ஒழுங்காக வைத்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "ஏன்?"

"நல்லாச் சுட்டா, இப்ப நீங்க மிஸ்ஸிட்டக் கேட்டத ஆராவது கேப்பாங்க எண்டுதான்."

வாவிக் காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. எத்தனையோ பேர் முகத்தை வாசித்து வாழ்ந்தவள் நான், அன்று முடியவில்லை. பிறகு அவர் அட்டையைக் குப்புற வைத்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் சன்னங்கள் மிச்சம் இருக்கின்றன. போய்ச் சுட்டு முடியுங்கள்" என்றார்.

அவள் போய்ச் சுட்டு முடித்தாள். அணியில் சேர்ந்தாள். அதிகாரி எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன், பெயரும் புள்ளியும் மட்டும்தான் எழுதினார். அவளுடைய நிரந்தர நியமனம் மற்றவர்களுக்கு வந்தபோதே வந்தது. அது வரும்வரைக்கும் எங்கள் வீட்டுப் படலை திறக்கிற சத்தம் கேட்டாலே நான் எழுந்து நிற்பேன்.

ஆகவே, தொலைபேசியில் கேட்டவருக்கு என் பதில். பிஸ்டலை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள். பூட்டை மூன்றாவது தரமும் இழுத்துப் பாருங்கள். வருகிற ஆளிடம் எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேளுங்கள், தோளில் நோவு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் கை முன்பு எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். பழைய பிழை இருந்தால் அட்டையே காட்டித் தரும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். முதல் நாளே நடுவில் பட்டுவிட்டால் வாயைப் பிளக்க வேண்டாம். அடுத்த சன்னத்தை எடுத்துக் கொடுங்கள்.

தெரிவுப் போட்டியன்று கலைந்து போகும்போது யோகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பசீர் வண்டியில் காத்திருந்தார், சுகந்தினி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"மிஸ், உண்மையச் சொல்லுங்க" என்றார். "இவள் எங்கயும் பழகல்ல எண்டத நீங்க நம்புறீங்களா?"

நான் யோசித்தேன். அவர்கள் வீட்டில் கேட்டதை என் மனம் அன்றைக்கே நம்பியிருந்தது. ஆனால் என் தலை அப்படி லேசில் எதையும் நம்புகிற தலை இல்லை.

"நம்புறன் எண்டு சொன்னா, நீங்க நம்புவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "இல்ல" என்றார்.

சுகந்தினி முதலில் சிரித்தாள், பிறகு அவர், கடைசியாக நான். வண்டிக்குள் இருந்து பசீர் என்ன பகிடி என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை நேரத்தோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று யோகனிடம் சொன்னேன். ஓம் என்றார்.